மரியோ லெமியூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் முதலில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயரான வேய்ன் கிரெட்ஸ்கியைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி அநேகமாக லெமியூவைப் பற்றியதாக இருக்கும். விவரம் தெரிந்த ரசிகர்களும் அவரைப் பற்றிப் பேசும்போது "பெரிய ஆள்தான், ஆனால்..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனால்' எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. அதனால் இங்கே கோல்களுக்குச் சமமாக, அவர் ஆடாத நாட்களும் வரும். அப்படித்தான் வந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

யார் இந்த மரியோ லெமியூ?

1965 அக்டோபர் 5 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிறந்தவர். வில் எமார் என்ற உழைக்கும் மக்கள் பகுதி. தாய்மொழி பிரெஞ்சு. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் 1984 முதல் 2006 வரை, நடுவே சில வருட இடைவெளியோடு, பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடினார். சென்டர் இடத்தில், அதாவது தாக்குதல் வரிசையின் நடுவில், ஆடியவர். ஆறடி நான்கு அங்குல உயரம். அவ்வளவு பெரிய உடம்புக்காரர்கள் அந்தக் காலத்தில் இடிப்பதற்கும் மறிப்பதற்கும்தான் அணியில் இருப்பார்கள். இவரோ பக் என்ற ரப்பர் வட்டைக் கட்டையில் ஒட்டிவைத்தது போலக் கொண்டுபோவார்.

எனக்கு ஐஸ் ஹாக்கியே தெரியாது. இதைப் படித்தால் புரியுமா?

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரையும் பந்தும்தான். இது பனித்தளத்தில், ஸ்கேட் கட்டிக்கொண்டு, கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றை வைத்து ஆடுவது. அந்த வட்டுதான் பக். கோலியையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி. அதற்குக் கடைசியாகப் பக்கைத் தள்ளிக்கொடுத்த இருவர் வரைக்கும் அசிஸ்ட் என்று ஆளுக்கொரு புள்ளி. ஒரு சீசனில் 100 புள்ளி எடுத்தால் அவர் பெரிய நட்சத்திரம். லீக் சுற்று முடிந்து பிளே-ஆஃபில் நான்கு தொடர்களை வென்றால் ஸ்டான்லி கோப்பை. இது தெரிந்தால் போதும்.

அவர் சட்டையில் 66 என்ற எண் எதற்கு?

கிரெட்ஸ்கியின் 99ஐத் தலைகீழாகப் பிடித்தது.

டிராஃப்ட் நாளில் அணியின் சட்டையைப் போட மறுத்தாரா?

மறுத்தார். டிராஃப்ட் என்பது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. 1984 டிராஃப்ட் அவருடைய சொந்த ஊரான மான்ட்ரியலிலேயே நடந்தது. பெங்குவின்ஸ் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்து அறிவித்தது. அவர் மேடைக்குப் போய்க் கைகுலுக்கவில்லை, சட்டையையும் வாங்கவில்லை. சம்பளப் பேச்சு இழுபறியில் இருந்ததுதான் காரணம். 18 வயதுப் பையனுக்கு இவ்வளவு திமிரா என்று பத்திரிகைகள் எழுதின. கொஞ்ச நாளில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதில் அணியின் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே முதல் தேர்வு என்பது அப்போதைய விதி. முந்தைய சீசனில் கியூபெக் ஜூனியர் லீகில் லெமியூ 70 ஆட்டங்களில் 133 கோல், 282 புள்ளி எடுத்திருந்தார். கடைசி ஆட்டத்தில் மட்டும் ஆறு கோல். இப்படி ஒரு பையன் வருகிறான் என்று தெரிந்தபிறகு பெங்குவின்ஸ் ஜெயிப்பதில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. அந்த சீசன் முடிவில் அணிகளுக்கான புள்ளிப் பட்டியலில் நியூ ஜெர்சி டெவில்ஸ் 41, பெங்குவின்ஸ் 38. வேண்டுமென்றே தோற்றார்கள் என்பது இன்றுவரை ஊரறிந்த ரகசியம். நியாயமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் அப்படிச் செய்திருக்காவிட்டால் பிட்ஸ்பர்க்கில் இன்று ஹாக்கி அணியே இருந்திருக்காது.

முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தாராமே?

1984 அக்டோபர் 11, பாஸ்டன் ப்ரூயின்ஸுடன். முதல் முறை களத்தில் இறங்கியபோதே, அக்காலத்தின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான ரே போர்க்கிடமிருந்து பக்கைப் பறித்து, தனியே ஓடி, அடித்த முதல் அடியே கோல். அந்த சீசனில் 100 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையையும் வாங்கினார்.

அவருக்கும் கிரெட்ஸ்கிக்கும் ஆகாதா?

ரசிகர்கள்தான் இருவரையும் மோதவிட்டார்கள். 1987 கனடா கோப்பையில் இருவரும் ஒரே வரிசையில் ஆடினார்கள். சோவியத் யூனியனுக்கு எதிரான இறுதிச் சுற்றில் மூன்று ஆட்டம். மூன்றுமே 6-5. முதலாவது சோவியத்துக்கு. இரண்டாவதை இரண்டாம் கூடுதல் நேரத்தில் லெமியூவின் கோல் முடித்துவைத்தது. ஹாமில்டனில் நடந்த மூன்றாவதில் கனடா 0-3 எனப் பின்தங்கி, மெல்ல மேலே வந்து 5-5 ஆக்கியது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாதபோது கிரெட்ஸ்கி பக்கை எடுத்துக்கொண்டு இடப்புறமாக ஓடினார். லாரி மர்ஃபி கோலை நோக்கிப் போய்த் தடுப்பவரை இழுத்துக்கொள்ள, கிரெட்ஸ்கி பின்னால் வந்த லெமியூவுக்குத் தள்ளினார். வலையின் மேல் மூலையில் ஏறியது பக். அந்தப் போட்டித் தொடரில் லெமியூ போட்டவை மொத்தம் 11 கோல்.

லெமியூவின் வாழ்க்கையில் திருப்பம் 1993இல் அவருக்கு வந்த புற்றுநோய்தான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு 1987தான் முக்கியமாகப் படுகிறது. அதுவரை திறமை இருந்தும் சோம்பேறி, பயிற்சியில் அக்கறை இல்லாதவர் என்ற பேச்சு அவர்மேல் இருந்தது. கிரெட்ஸ்கி பயிற்சி செய்வதை ஒரு மாதத்துக்கும் மேல் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். அடுத்த சீசனில் 168 புள்ளி எடுத்து, கிரெட்ஸ்கி தொடர்ந்து ஏழு வருடம் வைத்திருந்த ஆர்ட் ராஸ் கோப்பையை வாங்கிவிட்டார். அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தருவது அது. சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் அந்த வருடம் அவருக்குத்தான். அதைக் கிரெட்ஸ்கி எட்டு வருடமாக விடாமல் வைத்திருந்தார்.

ஐந்து விதத்தில் ஐந்து கோல் என்கிறார்களே, அது என்ன?

1988 டிசம்பர் 31, நியூ ஜெர்சி டெவில்ஸுடன் ஆட்டம். ஐஸ் ஹாக்கியில் கோல் விழக்கூடிய சூழ்நிலைகள் ஐந்து. இரு அணியிலும் சம ஆள் இருக்கும்போது அடிப்பது ஒன்று. எதிரணி ஆள் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கும்போது அடிப்பது பவர் பிளே கோல். தன் அணியில் ஆள் குறைந்திருக்கும்போதே அடிப்பது ஷார்ட் ஹேண்டட் கோல். கோலியை நேருக்கு நேர் சந்தித்து அடிப்பது பெனால்டி ஷாட். எதிரணி தோல்வியைத் தவிர்க்கக் கோலியை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு ஆளை இறக்கும்போது காலி வலைக்குள் அடிப்பது ஐந்தாவது.

ஐந்தையும் லெமியூ ஒரே ஆட்டத்தில் அடித்தார். கடைசிக் கோல் விழுந்தபோது கடிகாரத்தில் ஒரு வினாடிதான் மிச்சம். 8-6 என பெங்குவின்ஸ் வென்றது, எட்டுக் கோலிலும் அவர் பங்கு இருந்தது. என்.எச்.எல்.லில் வேறு யாரும் இதைச் செய்ததில்லை. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. பெனால்டி ஷாட் கிடைப்பதும் காலி வலை கிடைப்பதும் அவர் கையில் இல்லையே. ஆனால் ஐந்து சூழ்நிலையிலும் பயிற்சியாளர் நம்பி இறக்கும் ஆளாக இருந்தால்தான் அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கும்.

199 புள்ளி எடுத்த வருடம் ஹார்ட் கோப்பை ஏன் கிடைக்கவில்லை?

1988-89இல் 76 ஆட்டங்களில் 85 கோல், 114 அசிஸ்ட். அந்த சீசனில் லெமியூ கிரெட்ஸ்கியைவிட 31 புள்ளி அதிகம் எடுத்தார். ஆனாலும் வாக்களித்த பத்திரிகையாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புதிதாகப் போய் அந்த அணியைத் தூக்கிவிட்ட கிரெட்ஸ்கிக்குக் கொடுத்தார்கள். எனக்கு அது தவறான முடிவாகத்தான் தெரிகிறது.

முதுகுவலி அவ்வளவு மோசமா?

ஸ்கேட்டின் நாடாவைக் கட்டக் குனிய முடியாமல், அணி ஊழியர்கள் கட்டிவிட்ட நாட்கள் உண்டு. 1989-90இல் தொடர்ந்து 46 ஆட்டங்களில் புள்ளி எடுத்துக்கொண்டு போனவர், முதுகு தாங்காமல் ஒரு ஆட்டத்தின் நடுவே வெளியேறியதில் அந்த வரிசை அறுந்தது. 1990 கோடையில் முதுகெலும்பின் வட்டில் அறுவைசிகிச்சை. அப்புறம் அந்த இடத்தில் கிருமித்தொற்று. அடுத்த சீசனின் முதல் 50 ஆட்டங்கள் போயின. இன்னொரு அறுவைசிகிச்சையும் பின்னால் வந்தது.

அவரது 17 சீசன்களில் ஒன்றில்கூட எல்லா ஆட்டத்திலும் அவர் ஆடியதில்லை. அதிகபட்சம் 79, அதுவும் 80 ஆட்ட சீசனில். கூடவே, அந்தக் காலத்தில் வேகமான ஆட்டக்காரரைக் கட்டையால் கொக்கிபோட்டு இழுப்பதும் இடுப்பைப் பிடித்துத் தொங்குவதும் சகஜம், நடுவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். முதுகு வலிக்காரர் முதுகில் இன்னொருவர் தொங்கினால் எப்படி இருக்கும்? 1992இல் அவர் என்.எச்.எல்.லை 'கராஜ் லீக்', அதாவது தரம் கெட்ட லீக் என்று சொல்லி, அபராதமும் கட்டினார். இப்படி இழுத்துப் பிடிப்பதற்கு எதிரான விதிகளைக் கறாராக்க லீகுக்கு 2005 வரை ஆனது.

ஸ்டான்லி கோப்பை எத்தனை?

ஆட்டக்காரராக இரண்டு. 1991இல் மின்னசோட்டா நார்த் ஸ்டார்ஸை வென்றது, கடைசி ஆட்டம் 8-0. முதல் 50 ஆட்டங்களைப் படுக்கையிலும் சிகிச்சையிலும் கழித்த வருடம் அது. பிளே-ஆஃபில் மட்டும் 23 ஆட்டங்களில் 44 புள்ளி. 1992இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் தொடரில் ஆடம் கிரேவ்ஸ் கட்டையால் வெட்டி லெமியூவின் கை எலும்பை உடைத்தார். சில ஆட்டங்களில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். இறுதியில் சிகாகோவை நாலுக்கு நாலு. இரண்டு வருடமும் பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதான கான் ஸ்மைத் அவருக்கே.

முதலாளியாக இன்னும் மூன்று கோப்பை: 2009, 2016, 2017. அது எப்படி என்பது கீழே வருகிறது.

புற்றுநோய் சிகிச்சை முடிந்த அன்றே ஆடினார் என்பது நிஜமா?

நிஜம். 1992-93 சீசனில் 40 ஆட்டங்களில் 104 புள்ளி எடுத்திருந்தார். கிரெட்ஸ்கியின் ஒரு சீசன் சாதனையான 215 புள்ளி உடையப்போகிறது என்று எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். கழுத்தில் இருந்த கட்டியை எடுத்துச் சோதித்ததில் ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய். 1993 ஜனவரி 12 அன்று அறிவித்தார். வயது 27.

ஆரம்பக் கட்டத்திலேயே தெரிந்ததால் கதிர்வீச்சு சிகிச்சை போதும் என்றார்கள். மொத்தம் 22 முறை. மார்ச் 2 காலையில் கடைசி முறை முடிந்தது. அன்றே விமானம் ஏறி ஃபிலடெல்பியா போய், இரவு ஃப்ளையர்ஸுக்கு எதிராகக் களமிறங்கினார். கழுத்தைப் பாதுகாக்க உயர்ந்த காலர் வைத்த உள்சட்டை. ஃபிலடெல்பியா ரசிகர்கள் எதிரணி ஆளுக்கு எழுந்து நிற்பவர்கள் அல்ல, சொந்த அணியையே கூவி விரட்டுபவர்கள். அன்று அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு கோல், ஒரு அசிஸ்ட். ஆட்டத்தில் பெங்குவின்ஸ் 5-4 எனத் தோற்றது. கதை சொல்பவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.

அவர் இல்லாத நாட்களில் பஃபலோவின் பாட் லஃபாண்டைன் புள்ளிப் பட்டியலில் 12 புள்ளி முந்தியிருந்தார். சீசன் முடிந்தபோது லெமியூ 160, லஃபாண்டைன் 148. அதாவது 12 பின்தங்கியிருந்தவர் 12 முன்னால் போய் நின்றார். திரும்பிவந்த பிறகு ஆடியது 20 ஆட்டம்தான், அதில் 56 புள்ளி. அந்த ஓட்டத்தில் பெங்குவின்ஸ் தொடர்ந்து 17 ஆட்டம் வென்றது இன்றும் உடையாத என்.எச்.எல். சாதனை.

அந்த வருடம் கோப்பை கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் நியூயார்க் ஐலண்டர்ஸ் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் டேவிட் வோலெக்கின் கோலால் வெளியே தள்ளியது. பெங்குவின்ஸ் வரலாற்றிலேயே பலமான அணி எது என்று கேட்டால் பலர் இந்தத் தோற்ற அணியைத்தான் சொல்வார்கள்.

அந்த சீசனுக்கான விலையை லெமியூ அப்புறம் கொடுத்தார். மறுசீசனில் முதுகு காரணமாக 22 ஆட்டம்தான். கதிர்வீச்சின் பின்விளைவான சோர்வால் 1994-95 முழுவதும் ஆடவில்லை. திரும்பி வந்த 1995-96இல் 70 ஆட்டத்தில் 161 புள்ளி.

1997இல் ஏன் ஓய்வு பெற்றார்?

உடம்பு ஒரு காரணம், இழுத்துப் பிடிக்கும் ஆட்டத்தின் மேலிருந்த வெறுப்பு இன்னொன்று. அந்த சீசனிலும் 122 புள்ளியோடு ஆர்ட் ராஸ் அவருக்குத்தான், ஆறாவது முறையாக. வயது 31. ஓய்வு பெற்று மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, அதே வருடம், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆடிய அணியையே எப்படி வாங்கினார்? அவ்வளவு பணமா?

பணம் இருந்ததால் அல்ல, வரவேண்டிய பணம் வராததால். சம்பளத்தின் பெரும்பகுதியைப் பிறகு தருகிறோம் என்று அணி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தது. 1998 நவம்பரில் அணி திவால் மனு கொடுத்தபோது லெமியூவுக்குத் தரவேண்டிய பாக்கி மூன்று கோடி டாலருக்கு மேல். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் அடமானம் எதுவும் இல்லாதவர்களில் பெரிய தொகை அவருடையதுதான். திவால் நீதிமன்றத்தில் இப்படிப்பட்டவர்களுக்குச் சொச்சம்தான் கிடைக்கும். அணி வேறு ஊருக்கு விற்கப்படும் பேச்சும் இருந்தது.

பாக்கியில் பெரும்பகுதியை அணியில் பங்காக மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி, மற்ற முதலீட்டாளர்களையும் சேர்த்துக்கொண்டு 1999இல் அணியை எடுத்தார். ரான் பர்க்கிள் என்ற முதலீட்டாளர் முக்கியக் கூட்டாளி. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனி மூழ்கும்போது, சீட்டுக் கட்டியவரே அந்தக் கம்பெனியை எடுத்து நடத்தியது மாதிரி.

நடத்தியது சுலபமாக இல்லை. அரங்கம் பழையது, வருமானம் போதவில்லை, நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டிவந்தது. அணியின் நட்சத்திரமான யாரோமீர் யாகரையே 2001இல் அனுப்பினார்கள். புது அரங்கத்துக்கான பேச்சு இழுத்தபோது அணியை கான்சஸ் சிட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று அங்கே போய்ப் பார்த்தும் வந்தார். அது பிட்ஸ்பர்க் அரசியல்வாதிகளுக்கு நெருக்கடி கொடுக்கத்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். 2007இல் உடன்பாடு, 2010இல் புது அரங்கம் திறப்பு. 2021இல் ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குழு பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது.

முதலாளியான பிறகு மறுபடி ஆட வந்தது சரியா?

2000 டிசம்பர் 27. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டத்துக்கு முன்னால், அரங்கக் கூரையில் தொங்கிய அவருடைய 66ஆம் எண் கொடியை இறக்கினார்கள். ஆட்டம் தொடங்கி 33 வினாடியில் அசிஸ்ட். மொத்தம் ஒரு கோல், இரண்டு அசிஸ்ட், 5-0 வெற்றி. மூன்றரை வருடம் ஆடாத 35 வயதுக்காரர் அந்த சீசனில் 43 ஆட்டத்தில் 76 புள்ளி எடுத்தார்.

சரி, இதில் நஷ்டமும் இருக்கிறது. 1997இல் நின்றபோது அவர் கணக்கு 745 ஆட்டம், 1,494 புள்ளி. ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல் சராசரியோடு ஆட்டத்தை முடித்தவர் வேறு யாரும் இல்லை, கிரெட்ஸ்கிக்கும் முடிவில் 1.92தான். திரும்பிவந்து ஆடிய 170 ஆட்டங்களில் 229 புள்ளி மட்டும் எடுத்ததால் சராசரி 1.88க்கு இறங்கியது. புத்தகக் கணக்கில் முதலிடத்தை அவரே விட்டுக்கொடுத்தார் என்று சொல்லலாம். சராசரியைக் கட்டிக்காப்பதற்காக ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஆடினால் அரங்கம் நிறையும், அரங்கம் நிறைந்தால்தான் அணி பிழைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஒலிம்பிக் தங்கம்?

2002, சால்ட் லேக் சிட்டி. கனடாவின் கேப்டன். இறுதியில் அமெரிக்காவை 5-2. இடுப்புவலியால் என்.எச்.எல். ஆட்டங்களை விட்டுவிட்டு ஒலிம்பிக்குக்கு உடம்பைச் சேமித்தார் என்று அப்போது விமர்சனம் எழுந்தது. அந்த சீசனில் பெங்குவின்ஸுக்கு ஆடியது 24 ஆட்டம்தான். சீசன் டிக்கெட் வாங்கியவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

சிட்னி கிராஸ்பி அவர் வீட்டில் தங்கியிருந்தாரா?

ஆமாம். 2005இல் பெங்குவின்ஸ் முதல் தேர்வாக எடுத்த கிராஸ்பி 18 வயதில் லெமியூ குடும்பத்தோடு தங்கி, சில வருடங்கள் அங்கேயே இருந்தார். இருவரும் சேர்ந்து ஆடியது சில மாதங்கள்தான். இதயத் துடிப்புக் கோளாறு காரணமாக 2006 ஜனவரி 24 அன்று லெமியூ நிரந்தரமாக ஓய்வு பெற்றார்.

அவர்மேல் குறையே கிடையாதா?

உண்டு. 2011இல் ஐலண்டர்ஸுடன் நடந்த அடிதடி ஆட்டத்துக்குப் பிறகு லீகின் தண்டனை போதாது என்று கடுமையாக அறிக்கை விட்டார். சொன்னது சரிதான். ஆனால் ஆபத்தான மோதல்களுக்குப் பேர்போன மாட் குக் அப்போது அவர் அணியிலேயே இருந்தார். முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள் என்று பலர் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த மாதமே குக் இன்னொருவரை முழங்கையால் தலையில் இடித்து நீண்ட தடை வாங்கினார்.

கடைசியில், கிரெட்ஸ்கியா லெமியூவா?

கிரெட்ஸ்கி 1,487 ஆட்டம், 2,857 புள்ளி. லெமியூ 915 ஆட்டம், 1,723 புள்ளி. மொத்தக் கணக்கில் போட்டியே இல்லை. "உடம்பு ஒத்துழைத்திருந்தால்" என்று தொடங்கும் வாதத்தை நான் வைக்க மாட்டேன், ஆட வந்து நிற்பதும் திறமையில் சேர்ந்ததுதான். ஆனால் ஒரே ஒரு ஆட்டம், ஜெயித்தே ஆக வேண்டும், இருவரில் ஒருவரைத்தான் இறக்கலாம் என்றால் நான் லெமியூவை இறக்குவேன். கிரெட்ஸ்கியைத் தடுக்க அவரைச் சுற்றியுள்ளவர்களை மறித்துப் பார்க்கலாம். லெமியூவிடம் அந்த வழியும் கிடையாது, யாருக்கும் கொடுக்காமல் தானே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்.

அவர் ஆட்டத்தை இணையத்தில் எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1991 மே 17, மின்னசோட்டாவுக்கு எதிரான இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். நடுக்களத்திலிருந்து பக்கோடு தனியே கிளம்பி, இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்து, கோலி ஜான் கேசியையும் தாண்டி, கீழே விழுந்துகொண்டே தள்ளிய கோல் அதில் இருக்கிறது. பிறகு 1987இன் மூன்றாவது ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். 2002 ஒலிம்பிக் இறுதியில், தன்னிடம் வந்த பக்கைத் தொடாமலே கால்களுக்கு நடுவே விட்டுப் பின்னால் நின்ற பால் கரியாவைக் கோல் போடவைத்த காட்சியையும் தேடுங்கள். அவர் பெயர் அந்தக் கோலின் கணக்கில் வராது, பக்கைத் தொடாதவருக்கு அசிஸ்ட் கிடையாது.